மச்சானின் பலூன் டயர்கள்

மச்சானுக்கு அருவியின் மேல்கூடப் பொறாமை உண்டு.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சாரல் தொடங்கிவிட்டால் என் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான். பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அவள் முகம் வேறொரு முகமாக இருக்கும். கண் சிவந்து, உதடு வெளுத்து, சின்னப் பெண் மாதிரி காரணமில்லாமல் சிரிப்பாள். மச்சான் ஈர வேட்டியோடு படியில் நின்று அந்த முகத்தைப் பார்ப்பார். பிறகு திரும்பி அருவியை ஒரு பார்வை பார்ப்பார். பாகப் பிரிவினையில் நல்ல வயலைத் தட்டிக்கொண்டு போன பங்காளியைப் பார்க்கிற பார்வை அது.

"நம்ம வீட்டுக் கிணத்துத் தண்ணியும் சிலுசிலுன்னுதான் இருக்கு மாப்ளே. தெனமும் எறைச்சு ஊத்தச் சொல்லுதேன். ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்காளா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். சும்மா கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றார்.

அவர் என் அக்காவின் கணவர். நான் சட்டம் படித்து முடித்து, தென்காசிக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நடக்க ஆரம்பித்த புதிதில், தனியாக அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு அல்லாட வேண்டாம் என்று தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டவர். வடகரைப் பக்கம் அவருக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. நல்ல உயரம். பேச்சு குறைவு. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு கிடக்கும். ஏதாவது கேட்டால் அது கரைந்த பிறகுதான் பதில் சொல்லுவார் போலிருக்கிறது என்று நமக்குத் தோன்றும்.

பொறாமைக்காரர் என்று ஊரில் ஒருவரும் அவரைச் சொல்லமாட்டார்கள். பக்கத்து வயல்காரனுக்கு விளைச்சல் கூடினால் வரப்பில் போய் நின்று மனசாரப் பாராட்டுவார். சித்தப்பா மகன் மச்சுவீடு கட்டியபோது தன் தோப்பில் நின்ற தேக்கை வெட்டி நிலைக்கும் கதவுக்கும் கொடுத்தார். அந்த மாதிரி விஷயங்களில் அவர் மனசு விசாலமானது. அக்காவுக்கு ஒரு சுகம் கிடைத்து, அது தன் கையால் இல்லாமல் வேறு வழியாக வந்துவிட்டால் மட்டும் அவருக்குத் தாங்காது.

கலியாணமான புதிதில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். போன இடத்தில், "எங்க வீட்டு மெத்தையில படுத்தாத்தான் எனக்கு ஒறக்கமே வருது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே இலவம்பஞ்சு மூட்டைகள் வந்து இறங்கின. புது மெத்தையில் அவள் படுத்து எழுந்ததும் மச்சான் பக்கத்தில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். அது அவருக்குப் போதவில்லை. பிறந்த வீட்டு மெத்தைக்குச் சொன்ன அதே வார்த்தையை அவள் இதற்கும் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை என்பதற்காக மெத்தையைப் பிரித்து இன்னும் பஞ்சு அடைக்கச் சொன்னார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் பிரித்தார். கடைசியில் அது கட்டில் பலகையைவிடக் கெட்டியாகிப்போய், அக்கா கீழே பாயை விரித்துப் படுத்தாள்.

"அவ என்ன வார்த்தை சொன்னா? அதைச் சொல்லு." இதுதான் அவர் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி. அக்கா யாரையாவது, எதையாவது பாராட்டினாள் என்று காதில் விழுந்தால் போதும். மாடிப்படியில் என்னை மறித்து, வக்கீல் சாட்சியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். சாராம்சம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். வார்த்தை வேண்டும்.

வயதாகியும் இது போகவில்லை. இரண்டாவது யுத்தம் முடிந்த சமயம், அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ், சிக்குப் பிடித்துக் கிடந்த அவள் தலையை எண்ணெய் தொட்டுச் சீவிப் பின்னிவிட்டாள். சீவச் சீவ அக்கா அப்படியே உறங்கிவிட்டாள். மறுநாள் மச்சான் சட்டைப்பையில் சீப்போடு வந்தார். மீசை நரைத்த மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேற்று வயலைச் சமப்படுத்தப் பரம்புப் பலகை இழுப்பதுபோல அந்தத் தலையில் சீப்பை இழுத்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உறக்கம் மட்டும் வரவில்லை. அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

ஆனால் இந்தக் குணம் எவ்வளவு தூரம் போகும் என்று நான் பார்த்தது அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, டயர் விஷயத்தில்தான்.

மச்சானிடம் ஒரு கார் இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கேன்வாஸ் கூரை, பித்தளை விளக்கு, குதிரை வண்டிச் சக்கரம் மாதிரி உயரமான சக்கரங்கள். அதில் ஒல்லியான டயர்கள். கல் மாதிரி காற்றடித்துத்தான் அவற்றை ஓட்ட வேண்டும். கப்பி போட்ட ரோட்டில் போகும்போது ஒவ்வொரு சரளைக் கல்லும் நம் முதுகெலும்பை எண்ணிவிட்டுப் போகும். சத்தமோ சொல்லி முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். மச்சானுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவர் பேசுகிற ஆளும் இல்லை. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டுவார். ஸ்டீயரிங்கில் வேறொருவர் கை படவிடமாட்டார்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில் எங்கள் தாய்மாமன் மகன் கொழும்பிலிருந்து குடும்பத்தோடும் தன் காரோடும் குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்து தங்கினார். அவரைக் கொழும்பு அத்தான் என்போம். அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. அவர் கப்பலேறிப் போனவர், வர நாளாகும் என்று தெரிந்ததும் எங்கள் அப்பா அக்காவை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். கொழும்பு அத்தானும் அங்கேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளும் பெற்று, வழுக்கையும் விழுந்து, கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிற மனிதர். அவரைப் பார்த்து ஒரு புருஷன் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒன்று இருந்தது. அக்கா கட்டின புருஷனை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "இங்கேருங்க" என்பாள், மற்றவர்களிடம் பேசும்போது "அவிய" என்பாள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. கொழும்புக்காரரை மட்டும் வாய் நிறைய "அத்தான்" என்பாள். அந்தச் சத்தம் வீட்டில் கேட்கும்போதெல்லாம் மச்சான் வாயிலிருந்த கிராம்பை நறுக்கென்று கடிப்பார்.

அந்த வருஷம்தான் அக்கா அருவியில் வழுக்கி விழுந்தாள். பாசி படிந்த பாறை. கொழும்பு அத்தானின் மனைவியும் அவளும் சேர்ந்து குளிக்கப் போயிருந்தார்கள். மச்சான் அக்காவை இறக்கிவிட்டுவிட்டு நாற்று நடவு பார்க்க வடகரைக்குப் போயிருந்தார். அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. கொழும்பு அத்தான் ஓடிவந்து, நாலு பெண்களைப் பிடித்து அவளைத் தூக்கச் செய்து, தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மனைவியை அவளோடு பின்னால் உட்காரவைத்து, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் பலமான அடி. கொஞ்ச நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் குலுங்கவே கூடாது, மாட்டு வண்டிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயந்திரம் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் ரொம்பக் கஷ்டப்பட்டாயா என்று கேட்டேன்.

"இல்லலே. அத்தான் கார்ல வரும்போது எனக்கு வலியே தெரியல" என்றாள் அக்கா.

கஷாயத்தோடு வந்த மச்சான் வாசற்படியில் நின்றுவிட்டார். டம்ளரை வைத்துவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு நான் இறங்கியபோது மாடிப்படியில் மறித்தார்.

"அவ என்ன வார்த்தை சொன்னா?"

காதில் விழுந்திருக்குமே என்றேன். அவர் விடவில்லை. சொன்னேன்.

"வலியே தெரியலன்னா சொன்னா? வலி கொறச்சலா இருந்துச்சுன்னு சொல்லல?"

இல்லை என்றேன். அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். தன் காரில் போய்வந்தால் சாதாரண நாளிலேயே அக்கா இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாளே காரைப் பிரிக்க ஆரம்பித்தார். முதலில் ஸ்பிரிங் பட்டைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார். பிறகு அவற்றில் கயிறு சுற்றினார். சீட்டுக்கு அடியில் தென்னந்தும்பு அடைத்தார். ஒன்றும் சரிப்படவில்லை. குறை டயரில்தான் என்று முடிவு செய்து பாதிக் காற்றைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். குலுக்கல் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. குற்றாலம் போகிற வழியில் மேலகரம் வருவதற்குள் டயர் சக்கரத்தைவிட்டு நழுவி, ட்யூப் கிழிந்து, நாங்கள் இரண்டு பேரும் காரைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

திருநெல்வேலியில் ஒரு டயர்க்கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பொறுமைசாலி. கட்டை கட்டையாக வெட்டுப் போட்ட டயர் சேற்றில் பிடிக்கும், ஆனால் ஓடும்போது வண்டு மாதிரி ரீங்காரம் போடும் என்றார். நீளவாக்கில் கோடு போட்டது சத்தம் போடாது, ஆனால் மழையில் கொஞ்சம் வழுக்கும். இப்போது பலூன் டயர் என்று புதிதாக வந்திருக்கிறது, அகலமானது, பாதிக் காற்று போதும், கல்லின் மேல் ஏறினால் கல்லையே உள்ளே வாங்கிக்கொள்ளும், சொகுசு வேண்டுமென்றால் அதுதான் என்றார். ஆனால் மச்சான் காரின் சக்கரங்களில் அது ஏறாது, சக்கரத்தையே மாற்ற வேண்டும், ஸ்டீயரிங் கனக்கும், பஞ்சரும் கூடுதலாக ஆகும் என்று சொல்லி எச்சரித்தார்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கொழும்புக்காரன் எதைப் போட்டிருக்கிறான்?

அதைப் பார்த்துவரும் வேலை எனக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் குற்றாலத்தில் அவர்கள் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய், காப்பி குடித்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். பலூன் டயர்தான், கோடு போட்டது. கொழும்பு அத்தான் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டயர் என்ன, சக்கரத்தோடு ஒன்று ஸ்டெப்னியாகவே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்ப் பொருந்துகிறதா என்று அண்ணாச்சி பார்க்கட்டும் என்றார். இல்லையென்றால் தன் காரையே தினமும் அனுப்புகிறேன், பாப்பா படுத்தே கிடக்க வேண்டாம், வந்து சாரலிலாவது உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார். அண்ணாச்சி என்றது மச்சானை, பாப்பா என்பது அக்காவின் வீட்டுப் பெயர்.

நான் வந்து சொன்னதும் மச்சான், "அவன் டயரு எனக்கு வேண்டாம். அதே டயரும் வேண்டாம். அதைவிட மெத்துனு ஓடுறது வேணும்" என்றார்.

இங்கேதான் எனக்கு அவர் மேல் எரிச்சல் வர ஆரம்பித்தது. அதே டயரைத் திருநெல்வேலிக் கடையிலேயே வாங்கியிருந்தால் ஆடி பிறப்பதற்கு முன்னால் அக்கா குற்றாலம் போயிருப்பாள். அவரோ மதுரைக்குப் போனார். செங்கோட்டை வழியாகப் புனலூர் போய், ரப்பர்த் தோட்டக்காரர்கள் மலை ரோட்டில் என்ன போட்டு ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தார். யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதற்குள் அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். வெயிலும் சாரலுமாக அந்த வருஷம் சீசன் அப்படி ஒரு சீசன். ஊரில் பாதிப் பேர் அருவியில் கிடந்தார்கள். மூன்று மைலுக்கு அப்பால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, அக்கா ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து மலை மேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டு வண்டி கூடாது. புருஷன் கார் கூடாது. இன்னொரு கார் இருந்தது, அதில் போகச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

"ஏலே, ஒங்க மச்சானுக்கு டயரு எப்பம் வருமாம்?" என்று ஒருநாள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு பகல் பொழுது கொழும்பு அத்தானே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவியும் உள்ளே இருந்தாள். பாப்பாவை ஐந்தருவி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விடுகிறோம் என்றார். மச்சான் வாசலிலேயே நின்று பேசினார். மரியாதைக்குக் குறைவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார்.

"அவ ஒறங்குதா" என்றார்.

அக்கா உறங்கவில்லை. முன்கட்டு ஜன்னலுக்குள்ளே, தலை வாரி, புதுச் சேலை கட்டி நின்றுகொண்டிருந்தாள். கார்ச் சத்தம் கேட்டதுமே அவள் தயாராகிவிட்டாள் என்பதை நான் பார்த்தேன். கார் திரும்பிப் போன பிறகு அவள் சேலையை மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்றிலிருந்து மச்சானுக்குச் சோறு போட்டாள், துவைத்த வேட்டியை எடுத்துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. வார்த்தை வார்த்தையாக எண்ணிக் கேட்கிற மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிப் பார்ப்பார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போவாள்.

அவர் தப்பு செய்துவிட்டோம் என்று உணர்ந்தாரா? எனக்குத் தெரியாது. மதராஸிலிருந்து டயரும் சக்கரங்களும் தருவிக்க அன்றைக்கே ஏற்பாடு செய்தார். பலூன் டயர்தான். கொழும்பு அத்தான் போட்டிருந்ததைவிட இன்னும் ஒரு சுற்று அகலமானது.

சக்கரங்கள் ரயிலில் வந்து இறங்கி, மாட்டி முடிக்க ஆவணி பாதி ஓடிவிட்டது. கொழும்புக்காரர்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது மச்சான் ஊரில் இல்லை, அல்லது இல்லாதபடி பார்த்துக்கொண்டார்.

புது டயரில் காரைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒல்லி ஆள் யானைக்கால் வைத்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. மச்சான் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ரயில்வே கேட்டுக்கு ஓட்டிப் போய், தண்டவாளங்களைக் கடந்து, நிறுத்திக் கேட்டார்.

"தெரிஞ்சுதா?"

குலுக்கல் தெரிந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை என்றேன். அவர் இறங்கி நாலு டயரிலும் துளித் துளியாகக் காற்றைத் திறந்துவிட்டார். வண்டியைத் திருப்பிக் கேட்டைத் தாண்டினார். மறுபடி கேட்டார். மறுபடி காற்று. பிறகு அது அதிகமாகக் குறைந்துவிட்டதோ என்று பம்பை எடுத்து அடித்தார். இப்படியே போவதும் வருவதுமாக இருந்தோம். கேட் கீப்பர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, அய்யா தண்டவாளத்துல என்னமும் தொலைச்சுட்டீங்களா, நானும் தேடுதேன் என்றார். மச்சான் பம்போடு அடுத்த டயருக்குப் போனார். கடைசியில், இனிமேல் வலிக்காது என்று நானே சொன்னேன். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் அக்காவைக் குற்றாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். என்னையும் வா என்றார். கோர்ட் இல்லாத நாள். அருவியில் தண்ணீர் மெலிந்துவிட்டது, போனாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அக்காவை ஏற்றினார். நான் முன்னால் அவர் பக்கத்தில்.

கார் கிளம்பியதும் எனக்கு முதலில் தோன்றியது, என்னமோ கெட்டுப்போய்விட்டது என்பதுதான். அந்தக் கடகடப்பு இல்லை. இன்ஜின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மரத்தில் காற்று அடிப்பது கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. பின்னால் அக்காவின் வளையல் கேட்டது. இத்தனை நாள் இந்தக் காரில் போய் வந்த ரோட்டுக்குச் சத்தம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. சத்தம் போய்விட்டதால், நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் வருவதும் நன்றாகத் தெரிந்தது.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் மச்சான், "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

அவர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். மேலகரம் வந்தது. முதுகைத் திருப்பாமலே, "வலிக்குதா?" என்றார்.

"கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது."

மச்சான் காரை ஓரத்தில் நிறுத்தினார். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகினார். காற்று சீறியது.

"இங்கேருங்க" என்றாள் அக்கா. அந்த ஜன்னல் நாளுக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "காத்தைப் பிடுங்காதீங்க. டயர்ல ஒண்ணும் இல்ல."

அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு அத்தான் கார்லயும் தூக்கித் தூக்கித்தான் போட்டுச்சு. நான் பயந்துபோயிக் கெடக்கேன்னுட்டு அவரு வழி பூரா எங்க அம்மையப் பத்திச் சொல்லிக்கிட்டே வந்தாரு. அம்மை எப்படி நடப்பா, வேலைக்காரிய எப்படி அதட்டுவா, சின்னப்புள்ளையில அவருக்கு ஒளிச்சு ஒளிச்சு என்ன குடுப்பா, எல்லாம். அதக் கேட்டுக்கிட்டே வந்தேன். இடுப்பு நெனப்பே வரல. அதத்தான் சொன்னேன்."

மச்சான் குந்தினபடியே இருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதம் அலைந்து, ஊர் ஊராக விரலால் அழுத்திப் பார்த்து, ஒரு சீசனையே அவளுக்கு இல்லாமல் ஆக்கிய மனிதர் இனி என்ன செய்வார் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அவர் வால்வு மூடியை ஒழுங்காகத் திருகி மாட்டினார். எழுந்து கையைத் துண்டில் துடைத்தார். என் பக்கமாக வந்தார்.

"நீ ஓட்டு மாப்ளே."

சிநேகிதன் ஒருவன் காரில் நான் ஏதோ கொஞ்சம் பழகியிருந்தேன், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும். நான் தயங்குவதற்குள் அவர் பின்கதவைத் திறந்து, தலையணைகளை நகர்த்திவிட்டு, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு காரில் அவள் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

நான் ஓட்டிய லட்சணத்தைச் சொல்லக் கூடாது. கிளம்பும்போதே வண்டி தவளை மாதிரி தத்தியது. எந்தப் பள்ளத்தைத் தவிர்க்க நினைத்தேனோ அதில் சரியாக இறக்கினேன். கொஞ்ச தூரம் போனதும் மச்சானின் குரல் கேட்டது.

"என்னெல்லாம் சொன்னான் ஒங்க அம்மையப் பத்தி?"

அக்கா சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கிராம்பு கடிபடுகிற சத்தம் வரை எனக்குக் கேட்டது. அவள் முடித்ததும், "அவன் அத்தை, அவனுக்குத் தெரியாம இருக்குமா" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, விட்டுக்கொடுக்க மனசில்லாத குரலில், "நானும் அவங்களப் பார்த்திருக்கேன்" என்றார்.

"நீங்களா?"

"இலஞ்சிக் கோயில்ல. நான் அப்பம் பள்ளிக்கூடத்துல படிக்கேன். ஒங்க அப்பாவும் பக்கத்துல நின்னாங்க. பொறகு பொண்ணு பார்க்க வந்தப்பம் அப்பாவப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அன்னைக்குக் கோயில்ல பார்த்தது ஒங்க அம்மையத்தான்னு. கலியாண வீட்டுல செத்தவங்க பேச்சு எதுக்குன்னு சொல்லாம விட்டேன்."

அவர் மேலே சொன்னார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பிரகாரத்துல ஒரே கூட்டம். திடீர்னு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. பொம்பள அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எல்லாரும் திரும்பிப் பார்க்காங்க. அவங்க இடுப்புல ஒரு ஆம்பளக் கைப்புள்ள. அது அவங்க மூக்குத்தியப் பிடிச்சு இழுக்குது. வலிக்கும்லா? கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆனாலும் அந்தப் புள்ள கையத் தட்டிவிடாம சிரிச்சுக்கிட்டே நிக்காங்க."

அந்தக் கைப்பிள்ளை நான்.

எங்கள் அம்மா போகும்போது எனக்கு நடக்கிற வயதுகூட ஆகவில்லை. வீட்டில் அவள் போட்டோ கிடையாது. அவள் முகமோ குரலோ எனக்குத் தெரியாது. தெரியாததால் அப்படி ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அக்காவிடம்கூட நான் கேட்டதில்லை. கொழும்பு அத்தான் அவளை அறிவார், அக்கா கொஞ்சம் அறிவாள், இதோ இந்த மனிதர், எங்கள் குடும்பத்துக்கே அப்போது யாரோவாக இருந்தவர், கூட்டத்தில் நின்று அவள் சிரித்ததைக் காதால் கேட்டிருக்கிறார். என் கையில் அவள் மூக்குத்தி இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் கையை நான் பார்த்தேன். மச்சானை அத்தனை நாள் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நிமிஷத்தில் அவர் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது.

"அவங்க எப்படி இருந்தாங்க மச்சான்? என்ன நெறம்?" என்றேன் திரும்பிப் பார்க்காமல்.

"ரோட்டைப் பாரு மாப்ளே" என்றார். என்றாலும் சொன்னார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். நடுநடுவே அவளும் ஒன்றிரண்டு சேர்த்தாள். சத்தமில்லாத அந்தக் காரில் அவர்கள் மெதுவாகப் பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது.

பேரருவிக்குப் போகிற திருப்பம் வந்தது. நான் நிறுத்தவில்லை. இன்னும் தூரம் போக வேண்டிய ஐந்தருவி ரோட்டில் காரை விட்டேன். ஏன் என்று அவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.